எரிந்த எண்ணெயும் எஞ்சிய எண்ணெயும்

பாரசீகக் குடாவின் வடமேற்குக் கோடியிலே, ஈராக்குக்கும் சவூதி அரேபியாவுக்கும் இடையே, குவைத்து என்னும் சிறு நாடு அமைந்துள்ளது. பரப்பில் அது இலங்கையின் நாலில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுந்தது. ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை. மழை ஆண்டுக்கு நாலைந்து அங்குலம் பெய்தால் அது நல்ல ஆண்டு. ஷத்-அல்-அரபு ஆற்றிலிருந்து பாய்மரப் படகுகளில் நன்னீர் ஏற்றி வந்து விற்கும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் அங்கே நடைபெற்றது. நீருக்கு இவ்வளவு வறுமைப்பட்ட நிலத்தின் அடியிலேதான் உலகின் பெரும் எண்ணெய்ப் படுகைகளுள் ஒன்று கிடந்தது. 1938 ஆம் ஆண்டிற் புர்கான் என்னுமிடத்திலே துளையிட்டபோது எண்ணெய் பீறிட்டது. போரின் காரணமாகச் சில ஆண்டு மூடிவைக்கப்பட்ட அக்கிணறுகளிலிருந்து 1946 இல் முதற் கப்பல் எண்ணெய் ஏற்றிச் சென்றது.

துளையிடுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே எண்ணெய் தானாகவும் நிலத்தின் மேலே வந்துகொண்டிருந்தது. அப்பகுதி மக்கள் அதனை அறிந்திருந்தனர். மெசொப்பொத்தேமியாவிலே கசிந்து இறுகிய நிலக்கீலைச் செங்கல்லுக்குச் சாந்தாகவும் படகுக்குப் பூச்சாகவும் பயன்படுத்தினர். குவைத்தின் வடபாகத்தில் உள்ள சபியாவிலே, நாணற் படகுகளின் புறத்தே பூசப்பட்டிருந்த நிலக்கீற் பாளங்கள் தொல்பொருளாய்வாளரின் கையிற் கிடைத்தன. அவை ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுப் பழைமையுடையவை. ஆகவே எண்ணெய் மண்ணுக்கும் நீருக்கும் முற்றிலும் புதிய விருந்தாளி அன்று. சொட்டுச் சொட்டாக வந்தவிடத்து வெயில் அதனை உலர்த்தியது. காற்று அதன் இலேசான பகுதியைக் கொண்டுபோயிற்று. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் மீதியிற் பெரும்பகுதியைத் தின்றன. இயற்கையின் இந்த மெதுவான ஒழுங்கு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது 1991 ஆம் ஆண்டிலேதான் சோதிக்கப்பட்டது.

பெற்றோலியம் ஒரு தனிப்பொருள் என்று எண்ணுவது தவறு. காபனும் ஐதரசனும் பலவாறு பிணைந்த நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை அது. அவற்றுட் சில, பெற்றோல் திறந்த போத்தலிலிருந்து மறைவது போல, மணிக்கணக்கில் ஆவியாகிவிடும். பென்சீன் போன்ற சில, ஆவியாகும் இயல்போடு நீரிலும் சிறிதளவு கரையும். அந்தச் சிறிதளவே குடிநீரைக் கெடுக்கப் போதுமானது. கனத்தவையோ ஆவியாவதுமில்லை, கரைவதுமில்லை. தாராக இறுகிப் பட்ட இடத்திலே கிடக்கும். இவ்வாறு ஒரே பீப்பாயிலிருந்து சிந்திய எண்ணெயின் ஒரு கூறு வானுக்கும், ஒரு கூறு நீருக்கும், ஒரு கூறு மண்ணுக்குமாகப் பிரிந்து செல்கின்றது. பிரிந்தவை அங்கங்கே நின்றுவிடுவதுமில்லை. வானிற் சென்றது மண்ணில் விழும். மண்ணில் விழுந்தது மழையோடு கீழிறங்கும். குவைத்தின் கதை இந்த இடப்பெயர்ச்சியின் கதையே.

1990 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆந் திகதி ஈராக்கின் படைகள் குவைத்தினுள் நுழைந்தன. அப்பொழுது அங்கே தொழில் செய்துகொண்டிருந்த இலங்கையர் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர். அவர்களுட் பெரும்பாலார் வீட்டுப் பணிப்பெண்கள். கையிற் கிடைத்த மூட்டையோடு ஜோர்தானின் பாலைவன முகாம்களுக்கூடாக அவர்கள் நாடு திரும்பியமை பலருக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஜனவரி 17 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் தலைமையிலமைந்த கூட்டுப்படைகள் வான்வழித் தாக்குதலைத் தொடங்கின. அதன்பின் சில நாளிலேயே குடாவின் நீரில் எண்ணெய் பரவத் தொடங்கிற்று.

மினா அல் அகமதித் துறைமுகத்துக்கு அப்பாற் கடலிலே கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றும் மேடையொன்று இருந்தது. அதன் குழாய்களை ஈராக்குப் படையினர் திறந்துவிட்டனர் என்பதே பெரும்பாலாரின் முடிபு. கடல்வழியாகக் கரையிறங்க முயலும் படையைத் தடுப்பது அவர்களின் நோக்கம் என்பர். அதே மாத இறுதியில் அமெரிக்க விமானங்கள் கரையிலிருந்த குழாய்ச் சந்திகளைக் குண்டு வீசி உடைத்து ஓட்டத்தைக் குறைத்தன. அதற்குள் 40 இலட்சம் பீப்பாய் சிந்தியது என்பாரும், ஒரு கோடிக்கு மேல் என்பாருமாகக் கணக்குகள் வேறுபட்டன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், 1989 இல் அலாஸ்காவிலே எக்சொன் வால்டிஸ் என்னும் கப்பல் சிந்திய அளவைப் போலப் பதினைந்து மடங்காகும்.

பாரசீகக் குடா ஆழமற்ற கடல். சராசரி ஆழம் 35 மீற்றர் அளவே. ஒரேயொரு குறுகிய வாயில் ஹோர்முஸ் நீரிணை. அதன் வழியே குடாவின் நீர் முழுவதும் மாறுவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அங்கே நீரோட்டம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிற் சுழல்கின்றது. குளிர்காலத்து வடமேற்குக் காற்றும் அதற்குத் துணைசெய்கின்றது. ஆகவே எண்ணெய் நடுக்கடலுக்குப் போகவில்லை. கரையை ஒட்டித் தெற்கே நகர்ந்தது. நகரும்போதே அதன் உருவமும் மாறிற்று. இலேசான கூறுகள் முதற் சில நாளில் ஆவியாயின. இவ்வகை எண்ணெயில் மூன்றிலொரு பங்கு வரை இவ்வாறு காற்றிற் கலந்துவிடும். எஞ்சியது அலையோடு கடையப்பட்டு, நீரைத் தன்னுட் கொண்டு, பழுப்பு நிறக் களியாயிற்று. இக்களி சிந்திய எண்ணெயிலும் பருமனிற் பெரியது, எரியாது, எளிதில் அள்ளவும் வராது.

சவூதிக் கரையிலே, ஜுபைல் நகருக்கு வடக்கே, அபூ அலி என்னும் தீவு கைபோலக் கடலினுள் நீண்டு கிடக்கின்றது. கரைவழியே வந்த எண்ணெயின் பெரும்பகுதியை அந்தக் கை மறித்துக்கொண்டது. அதற்குத் தெற்கே இருந்த ஜுபைலிலே உப்புநீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை இயங்கிற்று; தலைநகராகிய ரியாத்துக்கும் அங்கிருந்தே குடிநீர் சென்றது. ஆலை தப்பியது. ஆனால் தீவுக்கு வடக்கேயுள்ள முசல்லமியா முதலிய விரிகுடாக்களின் சதுப்புகள் தார் பூசப்பட்டவை போலாயின. கரையோரம் 700 கிலோமீற்றருக்கு மேல் எண்ணெய் படிந்தது. ஏறத்தாழ 30,000 கடற்பறவைகள் மாண்டன என மதிப்பிட்டனர். படைத்தலைவரின் கணக்கில் நண்டும் சதுப்புப் பூண்டும் எக்காலத்திலும் இடம்பெற்றதில்லை.

பெப்ருவரி மாத இறுதியிலே தரைப்படைகள் முன்னேறின. பின்வாங்கிய ஈராக்குப் படையினர், முன்னரே வெடிமருந்து வைத்திருந்த எண்ணெய்க் கிணறுகளைத் தகர்த்தனர். 700 க்கு மேற்பட்ட கிணறுகள் சேதமுற்றன. 600 க்கு மேற்பட்டவை தீப்பற்றின. கிணற்றின் வாய் திறந்ததும், பூமியின் உள்ளழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 60 இலட்சம் பீப்பாய் எரிந்தது என்பது கணிப்பு. குவைத்து நகரிலே நண்பகலில் வண்டிகள் விளக்கேற்றி ஓடின. புகையின் நிழல் விழுந்த இடங்களிற் பகல் வெப்பம் பல பாகை குறைந்தது. ஈரானிலே கரிய மழை பெய்தது.

உலகின் கவனமெல்லாம் அந்தப் புகையின் மேற் குவிந்தது. அதில் வியப்பில்லை, தொலைக்காட்சியில் நண்டுவளையைக் காட்டினால் யார் பார்ப்பர்? போர் தொடங்கும்போதே கார்ல் சேகன் முதலிய அறிஞர் சிலர் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தனர். புகைக்கரி ஞாயிற்றின் வெப்பத்தை உறிஞ்சித் தானே சூடேறி மேலும் மேலும் உயரும். வானின் உயர்படையை எட்டிப் பலகாலம் நிலைத்து நிற்கும். தென்னாசியாவின் பயிர்ச்செய்கையும் அதனாற் பாதிக்கப்படலாம் என்பது அவர்களின் அச்சம். பருவமழையை நம்பி வாழும் நாடுகள் இதனைக் கேட்டுக் கலங்கியமை இயல்பே.

1991 மே, ஜூன் மாதங்களிலே ஆய்வு விமானங்கள் புகையினூடே பறந்து அளவெடுத்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,400 தொன் புகைக்கரி வெளிவந்தது; அக்காலத்தில் உலகமனைத்திலும் வெளியாகிய காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு அந்தச் சிறு நாட்டிலிருந்தே எழுந்தது. எனினும் புகை பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீற்றருக்கு மேல் உயரவில்லை. எதிர்பார்த்ததை விட அது கருமை குறைந்ததாகவும் இருந்தது. சில கிணறுகளிலிருந்து வெண்புகை எழுந்ததைக் கண்டு ஆய்வாளர் முதலில் வியந்தனர். எண்ணெயோடு நிலத்தடி உவர்நீரும் வந்தமையால் உப்புத்துகள்கள் புகையிற் கலந்திருந்தமையே காரணம். உப்புத்துகள் ஈரத்தை ஈர்ப்பது. ஈரம் படிந்த புகைத்துகள் முகிலிற் சேர்ந்து மழையோடு விரைவில் விழுந்துவிடும். ஆகவே மாதக்கணக்கில் வானில் நிற்கும் என அஞ்சப்பட்ட புகை, நாட்கணக்கிலே வானை விட்டு நீங்கிற்று. தமது கணிப்புப் பிழைத்ததைச் சேகன் 1995 இல் வெளியிட்ட நூலிலே மறைக்காது எழுதினார். அறிஞர்க்கு அழகு அது.

வானம் தெளிந்தது என்பதைக் கேட்டு உலகம் ஆறுதல் அடைந்தது. ஆனால் வானை விட்டு நீங்கியது எங்கே போயிற்று என்ற வினா அப்பொழுது அதிகமாக எழவில்லை.

விடை பாலைவனத்திலே கிடந்தது. புகைக்கரியும் எரியாது தெறித்த எண்ணெய்த் திவலைகளும் காற்று வீசிய திசையெல்லாம் விழுந்து, மணலோடும் பரலோடும் பிசைந்து, வீதிக்கு இட்ட தார்போல இறுகின. இவ்வாறு கரிய ஓடு படிந்த நிலம் குவைத்தின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு என அளந்தனர். தீப்பற்றாது உடைந்த கிணறுகளின் கதை இன்னுங் கொடியது. அவற்றிலிருந்து பாய்ந்த எண்ணெய் பள்ளங்களிலெல்லாம் தேங்கிற்று. ஏறத்தாழ 300 எண்ணெய் ஏரிகள் உண்டாயின. அவற்றின் பரப்பு எல்லாமாக 49 சதுரக் கிலோமீற்றர். வலசைப் பறவைகள் அந்தப் பளபளப்பை நீரென்று நம்பி இறங்கி மாண்டன. போரின்போது புதைத்த மிதிவெடிகள் பல அந்த ஏரிகளின் அடியிலே கிடந்தமையால், பிற்காலத்திலே துப்புரவு செய்யச் சென்றவர்கள் ஒவ்வோர் அடியையும் அஞ்சியே வைக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே தீயணைப்பு நடைபெற்றது. அது மனிதரின் துணிவையும் சூழ்ச்சித் திறனையும் காட்டிய முயற்சி என்பதில் ஐயமில்லை. அமெரிக்கரும் கனேடியரும் வந்தனர். குவைத்தியரும் ஒரு குழு அமைத்தனர். அங்கேரியர் பழைய தாங்கியொன்றின் மேல் இரண்டு ஜெற் விமான எந்திரங்களைப் பொருத்தி, அவற்றின் பெருங்காற்றோடு நீரைக் கலந்து வீசித் தீயை ஊதி அணைத்தனர். தீயணைப்புக்குப் பேரளவு நீர் வேண்டும். ஆறில்லா நாட்டில் நீருக்கு எங்கே போவது? கிணற்றிலிருந்து துறைமுகத்துக்கு எண்ணெய் கொண்டுசென்ற குழாய்கள் அப்பொழுது வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் ஓட்டத்தைத் தலைகீழாக்கிக் கடல்நீரை உள்நாட்டுக்கு ஏற்றினர். கிணறுகளின் அருகே பெருங்குழிகள் வெட்டி அந்நீரை நிரப்பினர். இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு செல்லும் எனப் பலர் கூறிய வேலை ஒன்பது மாதத்துக்குள் முடிவுற்றது. 1991 நவம்பர் 6 ஆந் திகதி குவைத்தின் அமீர் முன்னிலையிற் கடைசித் தீ அணைக்கப்பட்டது. படப்பிடிப்பாளர் தம் கருவிகளை மடித்துக்கொண்டு புறப்பட்டனர். பத்திரிகைகளின் கதை அவ்வளவில் முடிந்தது.

எண்ணெயின் கதை முடியாமல் இருந்தமைக்கு ஒரு சட்டவாசகம் காரணமாயிற்று. 1991 ஏப்பிரலிலே ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை தனது 687 ஆம் தீர்மானத்தில், போரினால் விளைந்த நட்டங்களுக்கு ஈராக்கு பொறுப்பாகும் என்றது. அந்த நட்டங்களுள் சுற்றாடற் சேதமும் இயற்கை வளத்தின் அழிவும் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டன. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மண்ணுக்கும் சதுப்புக்கும் கடன்பட்டது என இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டது அதற்கு முன் நிகழ்ந்ததில்லை எனலாம். ஜெனீவாவிலே நட்ட ஈட்டு ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தின் ஒரு பங்கை எடுத்து அது வழங்கிவந்தது. நாடு திரும்பிய இலங்கைத் தொழிலாளர் பலரும் அங்கிருந்தே தம் நட்ட ஈட்டைப் பெற்றனர். 2022 ஜனவரியிற் கடைசித் தவணை செலுத்தப்பட்டபோது மொத்தத் தொகை 5,240 கோடி டொலராக இருந்தது. அதிற் பத்தில் ஒரு பங்களவு சுற்றாடலுக்குரியது.

பணத்தைக் காட்டிலும் அந்த ஆணைக்குழுவின் விதியொன்றே வரலாற்றுக்குப் பயன்பட்டது. நட்டம் கேட்போர் நட்டத்தை நிறுவ வேண்டும். புகையைக் காட்டும் படம் நிறுவல் ஆகாது. எண்ணெய் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த நிலையில் உள்ளது என்று அளந்து காட்ட வேண்டும். அதற்கான ஆய்வுச் செலவையும் ஆணைக்குழு முன்கூட்டி வழங்கிற்று. இதனால், உலகம் மறந்துபோன பின்னர், ஆய்வாளர் மண்வெட்டியோடும் துளைக்கருவியோடும் மீண்டும் சென்றனர்.

2002 ஆம், 2003 ஆம் ஆண்டுகளிலே சவூதிக் கரையை அடியளந்து நடந்தவர்கள் கண்டது இது. அலை மோதும் திறந்த மணற்கரைகள் பெரும்பாலும் தூய்மையடைந்துவிட்டன. அலையடியாத சதுப்புகளிலோ பன்னிரண்டு ஆண்டு கழிந்தும் எண்ணெய் அப்படியே இருந்தது. காரணம் நண்டு. சதுப்பு மண்ணிலே நண்டுகள் எண்ணற்ற வளைகளைத் தோண்டி வைத்திருந்தன. எண்ணெய் வந்தபோது நண்டு மாண்டது, வளை எஞ்சிற்று. அந்த வளைகள் வழியே இறங்கிய எண்ணெய், காற்றுப் புகாத ஆழத்தை அடைந்தது. எண்ணெயைத் தின்னும் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் வேண்டும். அஃதில்லாத சேற்றிலே எண்ணெய் பல்லாண்டு மாறாமற் கிடக்கும். சில வளைகளில் அது இன்னும் பாயும் நிலையிலேயே இருந்தது. நண்டு வாழ்ந்திருந்தால் சேற்றைக் கிளறிக் காற்றை உள்ளே விட்டிருக்கும். நண்டு திரும்பி வருவதற்கோ எண்ணெய் இடந்தரவில்லை. பின்னர் அச்சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி அலைநீரைப் பாயவிட்ட பின்னரே பூண்டும் நண்டும் மெல்லத் திரும்பின.

பாலைவனத்திலே ஏரிகளின் எண்ணெயிற் பெரும்பகுதியை முன்னரே இறைத்தெடுத்து விட்டனர். அடியில் எஞ்சிய கசடும் அதனை உறிஞ்சிய மண்ணும் இரண்டு கோடிக் கனமீற்றருக்கு மேலாகும் எனக் கணக்கிட்டனர். அம்மண்ணைத் துப்புரவாக்கும் பெரிய ஒப்பந்தங்கள் 2021 ஆம் ஆண்டிலேயே கைச்சாத்தாகின. தீயணைக்க ஒன்பது மாதம்; மண்ணைக் கழுவத் தொடங்குவதற்கே முப்பது ஆண்டு.

ஆயினும் எல்லாவற்றிலும் நுட்பமான சேதம் நிலத்தடி நீரிலேதான் காணப்பட்டது. குவைத்தின் வடபகுதியிலே ரவுதத்தைன், உம் அல் ஐஷ் என்னும் இரண்டு தாழ்நிலங்கள் உள்ளன. அரிதாகப் பெய்யும் மழை நீர் அவ்விரு பள்ளங்களிலும் ஓடிச் சேர்ந்து, நெடுங்காலமாகச் சிறிது சிறிதாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாக நின்றது. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நன்னீர் உவரின் மேல் மிதப்பதை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். படகில் நீர் வாங்கிக் குடித்த நாட்டிலே இயற்கையாகக் கிடைத்த நன்னீர் இவ்விரண்டிலேயே ஓரளவேனும் இருந்தது.

அத்தாழ்நிலங்களின் அருகேயும் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன, அவையும் எரிந்தன. அங்கேயும் கடல்நீர் கொண்டு தீயணைத்தனர். தீயின் மேற் பாய்ச்சிய நீர், எரியாது சிந்திய எண்ணெயைத் தன்னோடு கொண்டு மண்ணிலே சுவறிற்று. கிணற்றருகே வெட்டிய குழிகளோ எண்ணெயும் உவர்நீரும் நிறைந்த நிலையில் விடப்பட்டு, பின்னர் மண்ணால் மூடப்பட்டன. கனத்த தார் மேற்படையிலேயே நின்றுவிட்டது. கரையக்கூடிய கூறுகள் மாத்திரம், அடுத்தடுத்த ஆண்டுகளிற் பெய்த மழையோடு, மெல்ல மெல்லக் கீழிறங்கின. ஆய்வுக் கிணறுகள் தோண்டி நீரை எடுத்துப் பார்த்தபோது, இரு படைகளிலும் பெற்றோலிய ஐதரோகாபன்களும் கடல்நீரின் உப்பும் கலந்திருந்தமை தெரியவந்தது. நிறத்தால் அறியக்கூடிய கேடு அன்று அது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்ணுக்குத் தெரியும்படி மிதந்தமையால் ஊரார் கூக்குரலிட முடிந்தது; 2019 இல் உச்ச நீதிமன்றம் ஈடு வழங்கும்படி ஆணையிட்டது. ரவுதத்தைனில் மிதப்பதற்கு ஒன்றுமில்லை, கரைந்ததே இறங்கிற்று.

குவைத்து இதற்கும் ஈடு கேட்டது. இந்நீர்க்கேட்டுக்குப் போரைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என ஈராக்கு வாதாடிற்று. ஆணைக்குழு அளவைகளைப் பரிசீலித்து, கேடு எரிந்த கிணறுகளிலிருந்தும் தீயணைப்பு நீரிலிருந்துமே வந்தது என ஏற்று, நீரை இறைத்துச் சுத்திகரிப்பதற்கென 4 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையை விதித்தது. நீரை மாத்திரம் இறைத்துச் சுத்தஞ் செய்தலால் வேலை முடியாது என்பதும் அப்பொழுதே உணரப்பட்டது. கிணற்றருகே மூடிவிட்ட குழிகளின் மண் அங்கேயே இருக்குமாயின், அடுத்த பெருமழை அதிலுள்ளதை மறுபடியும் கீழே கொண்டுசெல்லும். ஆகவே தீயணைப்பாளர் அவசரத்தில் வெட்டிய குழிகள் எவ்வெவ்விடத்தில் இருந்தன என்பதைப் பழைய வான்படங்களைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை தொடங்கிற்று.